ஒன்றை அழுத்தவும்

1

ஐம்பத்திரண்டு மணி நேரம், பதினேழு நிமிடம். கோல்டர் ரிட்ஜ் என்ற மலையூரில் அவ்வளவு நேரம் மின்சாரம் இல்லை. காட்டுத்தீயில் கம்பி அறுந்து போகவில்லை. காற்றில் கம்பி அறுந்து காட்டுத்தீ பிடித்துவிடக் கூடாதே என்று மின் நிறுவனமே நிறுத்தி வைத்த நேரம் அது. தீ பிடிக்கவில்லை. ஆகவே நிறுவனத்தின் அறிக்கையில் அந்த ஐம்பத்திரண்டு மணி நேரம் 'வெற்றி' என்ற தலைப்பின் கீழ் இருந்தது.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அந்த அறிக்கையிலிருந்துதான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கலிபோர்னியாவில் மின் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. மின்சாரத்தை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் யார் யாருக்கு, எப்போது, எப்படிச் சொன்னோம் என்று நிறுவனம் எழுதித் தர வேண்டும். அதை நான் படிக்க வேண்டும். இந்த முறை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில், மூச்சுக் கருவி வைத்திருக்கும் வீடுகளின் அட்டவணையில், ஒரு வரி:

திங்கள், மதியம் 2.10. அழைப்பு ஏற்கப்பட்டது. எண் 1 அழுத்தப்பட்டது. தகவல் சேர்ந்தது.

ஊருக்கும் ஆட்களுக்கும் பெயர் வைத்தது நான். அந்த வரியையும் நானே எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்துக்கு அதுதான் நல்லது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மலைமீது காற்று ஊளையிட்ட அந்த

நிறுத்திவிட்டேன். காற்று ஊளையிடவில்லை. அந்தத் திங்கட்கிழமை இலைகூட அசையவில்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நாளை ஆபத்து என்று அப்படியொரு வானத்தைப் பார்த்து யார் நம்புவார்கள்?

இரண்டாவது தொடக்கம்: "நெட்டி ஓஸ்ட்ரமுக்கு அறுபத்தெட்டு வயது. அவள் கணவன் லைலுக்கு எழுபத்தொன்று. அவனுடைய நுரையீரலுக்குத் தொண்ணூறு இருக்கும்."

இது பரவாயில்லை. [எழுபத்தொரு வயதுக்காரரை 'அவன்' என்று எழுதக் கை கூசுகிறது. 'அவர்' என்று எழுதினால் கதை அறிக்கையாகிவிடுகிறது. அறிக்கைதான் ஏற்கெனவே இருக்கிறதே.]

3

திங்கட்கிழமை மதியம். நெட்டி சமையலறையில் ஆப்பிள் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். லைல் முன்னறையில் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான். மூன்று நாளில் அதுதான் அவனுக்கு முதல் தூக்கம். மூக்கில் குழாய், காலடியில் நாய், பக்கத்தில் பிராணவாயுக் கருவி. அது பழைய குளிர்சாதனப் பெட்டிபோல் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

சமையலறைச் சுவரில் தொலைபேசி அடித்தது.

அந்த இலையுதிர்காலத்தில் அது ஐந்தாவது எச்சரிக்கை. முந்தைய நான்கில் மூன்று முறை மின்சாரம் போகவேயில்லை. ஒரு முறை மதியம் போய்ச் சாயங்காலமே வந்துவிட்டது. நான்கு முறையும் அவர்கள் கருவியை, மாத்திரைகளை, நாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு சாக்ரமெண்டோவில் நெட்டியின் தங்கை வீட்டுக்குப் போனார்கள். நான்காவது முறை தங்கையின் கணவன் வாசலிலேயே கேட்டான்: "இந்தத் தடவையாவது நெசமா நிறுத்தறாங்களா, இல்ல எங்க வீட்டுச் சாப்பாடு அவ்ளோ பிடிச்சுப்போச்சா?"

விதி இதுதான்: அழைப்பை எடுத்தவர் தகவலைக் கேட்டுவிட்டு எண் ஒன்றை அழுத்த வேண்டும். அழுத்தினால் தகவல் சேர்ந்தது என்று பொருள். அந்த முறைக்கு அழைப்பு நின்றுவிடும். அழுத்தாவிட்டால் மணிக்கு ஒரு தரம் அடிக்கும். அப்படியும் அழுத்தாவிட்டால் ஓர் ஆள் வண்டியில் வந்து கதவைத் தட்டுவார்.*

நெட்டி கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டாவது மணி முடிவதற்குள் எடுத்தாள்.

[இங்கே ஒரு பத்தி வர வேண்டும். நான்கு முறை எழுதி நான்கு முறையும் அடித்துவிட்டேன். காலியாகவே இருக்கட்டும்.]

பிறகு ஆப்பிள்களிடம் திரும்பினாள்.

* இந்த விதியை எழுதியவர்கள் நல்லவர்கள். எனக்குத் தெரியும், மதியம் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம். அவர்களில் யாருடைய வீட்டுத் தொலைபேசியும் இப்படி அடிப்பதில்லை.

4

செவ்வாய் காலை பதினொன்று இருபதுக்குக் கருவியின் முனகல் ஒரு கணம் நின்று, பிறகு மின்கலத்தில் தொடர்ந்தது. மின்கலம் நான்கு மணி நேரம் தாங்கும். அவசரத்துக்கென்று வைத்திருந்த உருளையில் பாதிக்கும் குறைவாகவே பிராணவாயு இருந்தது.

"சொல்லாம கொள்ளாம நிறுத்திட்டானுங்க," என்றான் லைல்.

"சாயங்காலம் வந்துடும்," என்றாள் நெட்டி.

"உனக்கு யாரு சொன்னா?"

"போன தடவ வந்துச்சுல்ல."

வரவில்லை. கைபேசிக் கோபுரமும் வீட்டுத் தொலைபேசியும் மின்சாரத்தோடு சேர்ந்து படுத்துவிட்டன. மூன்றரைக்கு லைலின் உதடு நீலமாகத் தொடங்கியது. வண்டி கொட்டகைக்குள் நின்றது. கொட்டகைக் கதவு மின்சாரத்தில் திறப்பது. மின்சாரம் இல்லாதபோது திறப்பதற்கு உத்தரத்திலிருந்து ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். இருபது வருடமாக அதற்குக் கீழேதான் வண்டியை நிறுத்துகிறார்கள். ஒருமுறைகூட அவள் அதை இழுத்ததில்லை. வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஏறி, தொங்கி இழுத்தாள்.

மருத்துவமனை நாற்பத்தொரு மைல்.

"மெதுவா போ. போலீஸ்காரன் பிடிப்பான்."

"பிடிக்கட்டும். உன்னத் தூக்க ஒரு ஆள் ஆச்சு. நீ பேசாத, மூச்ச மிச்சம் பண்ணு."

முப்பத்து மூன்றாம் மைலில் உருளை தீர்ந்தது.

[முதல் வரைவில் லைல் முப்பத்தைந்தாம் மைலில் இறந்துபோனான். படித்துப் பார்த்தபோது கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இறந்தவனின் மனைவியை யாரும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டார்கள். அதனால் பிழைக்க வைத்தேன். பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்து வீட்டுக்கு வந்தான். கருணையால் செய்த காரியம் இல்லை.]

5

வீட்டுக்கு வந்த வாரமே லைல் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினான். பதில் வந்தது. அதை மூக்குக் குழாயோடு சத்தமாகப் படித்தான்.

"கேளு நெட்டி. நமக்குத் தகவல் சேர்ந்துச்சாம். நாம ஒன்ன அழுத்தினோமாம். இந்த வீட்ல விரல் இருக்கறது ரெண்டே பேருக்கு."

"சூப் ஆறுது."

"நான் அழுத்தல. நீ அழுத்தியிருந்தா எங்கிட்ட சொல்லியிருப்ப. அப்போ நாய்தான்."

"லைல். சூப்."

"பாரு, வால ஆட்டுது. குத்தமுள்ள நெஞ்சு."

நெட்டி சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று லைல் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், எழுதுகிறவளுக்கு வேறு என்ன வேலை?

கோபம் லைலுக்கு மருந்தைவிட நன்றாக வேலை செய்தது. முகத்தில் ரத்தம் வந்தது. தினமும் ஒரு கடிதம். ஊர்க்கடையில் கையெழுத்து வேட்டை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று அச்சடித்த சட்டையைப் பாதி ஊர் போட்டுக்கொண்டது. நெட்டிக்கும் ஒன்று கொடுத்தார்கள். அளவு சரியில்லை என்று மடித்து வைத்துவிட்டாள். எங்கள் அலுவலகமும் அசைந்தது. புதிய விதி ஒன்றின் வரைவு தயாரானது. அதற்குள்ளேயே எல்லோரும் அதை ஓஸ்ட்ரம் விதி என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஓஸ்ட்ரம் விதி சொல்வது: அழைப்பு இனி மணிக்கு ஒரு தரம் அல்ல, அரை மணிக்கு ஒரு தரம். ஒன்றை அழுத்திய பிறகு, ஒன்றை அழுத்தியதை உறுதிசெய்ய, இரண்டை அழுத்த வேண்டும்.

எந்த விதியையும் எதிர்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் நிறுவன வழக்கறிஞர்கள் இதை வரவேற்றுக் கடிதம் அனுப்பினார்கள். அவர்களுக்கு ஒரு சாட்சி இருந்த இடத்தில் இனி இரண்டு.

வரைவைப் படித்ததும் நெட்டிக்கு விளங்கிவிட்டது. அடுத்த இலையுதிர்காலத்தில், மூச்சுக் கருவி இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் அரை மணிக்கு ஒரு தரம் அடிக்கும். யாரோ ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு ஓடுவாள். இது உதவாது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொன்னால் அது லைல் காதிலும் விழும்.

6

இந்த இடத்தில் நெட்டிமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படி ஒருத்தி இருப்பாளா? பதினோரு நாள் மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் வாய் திறக்காமல் இருப்பாளா?

அட்டவணையிடம் திரும்பினேன். அதில் அழைப்பு எடுக்கப்பட்ட நேரமும் எண் அழுத்தப்பட்ட நேரமும் நொடி வரை இருந்தன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். அதற்கு அறிவியல் பட்டம் தேவையில்லை. ஆனாலும் அதுவரை யாரும் கழிக்கவில்லை. பதிவுசெய்த செய்தியின் நீளம் தொண்ணூற்று நான்கு நொடி. மின்சாரம் எப்போது நிற்கும் என்பது நாற்பத்தொன்றாம் நொடியில் வருகிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் இருநூற்று எண்பத்தெட்டு வீடுகள் ஆறு நொடிக்குள் அழுத்திவிட்டன.

ஓஸ்ட்ரம் வீடு: மூன்று நொடி.

என் மேலதிகாரி மார்கோவிடம் தாளைக் காட்டினேன்.

"அழகா இருக்கு. இத யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

"புது விதியப் பத்தி ஊர்ல பொதுக்கூட்டம் வருதுல்ல, அதுக்கு எடுத்துட்டு வா. யாராவது கேட்டா குடு."

நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். கேட்டால் சொல்கிற ஆள் நான். கேட்காவிட்டால்

7

மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

ஒன்றில் நெட்டி எதுவும் சொல்வதில்லை. விதி நிறைவேறுகிறது. கையெழுத்திட்ட பேனாவை லைலுக்குப் பரிசாகத் தருகிறார்கள்.

இன்னொன்றில் கூட்டத்துக்குப் போகும் வழியில், வண்டியில் சொல்கிறாள். லைல் எட்டு மைல் பேசாமல் இருக்கிறான். எட்டு மைல் மௌனத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. மூன்று வரிக்கு மேல் போனால் மரங்களை வர்ணிக்கத் தொடங்கிவிடுகிறேன்.

மூன்றாவதில் அலுவலகத்திலிருந்து வந்த கூச்ச சுபாவமுள்ள ஒரு பெண் எழுந்து, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, எல்லா வீடுகளின் நொடிகளையும் படித்துவிடுகிறாள். யாரும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். அவள் எழுந்திருக்கவில்லை என்பது மட்டும்தான் இதில் குறை.

ஆகவே கூட்டத்தை மட்டும் எழுதுகிறேன். நான் காலியாக விட்ட பத்தியை நெட்டியே அங்கே நிரப்புவாள். அதைக் கேட்ட லைல் என்ன செய்தான், அந்தத் தாள் என்ன ஆனது, விதி என்ன ஆனது எல்லாம் உங்கள் பொறுப்பு. என்னைக் கேட்காதீர்கள்.

[கேட்டாலும் பரவாயில்லை.]

8

மாவட்டக் கண்காட்சித் திடலின் கூடம். காலை பத்து மணி. ஓரத்து மேசையில் இளஞ்சிவப்புப் பெட்டிகளில் டோனட், பெரிய பாத்திரத்தில் காப்பி. பேசுகிறவருக்கு மூன்று நிமிடம்: பச்சை விளக்கு, மஞ்சள் விளக்கு, சிவப்பு விளக்கு. முன்வரிசையில் நிறுவனத்தின் ஆள்கள். இரண்டாம் வரிசையில் நான், மடியில் பை.

லைல் சக்கரம் வைத்த சிறிய உருளையோடு வந்திருந்தான். அவன் எழுதிய பேச்சு இரண்டு பக்கம்.

"எனக்கு மூணு நிமிஷத்துக்கு மூச்சு கிடையாது. நீ படி. கடைசிப் பக்கத்துல குரல ஒசத்து."

நெட்டி ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றாள். பச்சை எரிந்தது.

"என் பேர் நெட்டி ஓஸ்ட்ரம். அன்னிக்கு திங்கக்கிழம எங்க வீட்டுக்கு எந்தத்"

நின்றுவிட்டாள்.

"சொல்லு நெட்டி! விடாத!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். அந்தச் சட்டை போட்டவர்கள் கை தட்டினார்கள்.

மஞ்சள் எரிந்தது.

"அம்மா, இன்னும் ஒரு நிமிஷம் இருக்கு," என்றார் விசாரணை அதிகாரி, கனிவாக.

நெட்டி தாளை மடித்தாள். ஒலிவாங்கியை விட்டுத் திரும்பி, கூட்டத்தைப் பார்க்காமல், உருளையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். ஒலிவாங்கி இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

"லைல். நீ தூங்கிட்டிருந்த. மூணு நாளா கண்ண மூடல நீ. அது திரும்பத் திரும்ப அடிச்சா எழுந்துடுவ. ஒன்ன அழுத்தினா அடிக்காது."

சிவப்பு எரிந்தது.

"நான்தான் அழுத்தினேன். என்ன சொல்றாங்கன்னு நான் கேக்கவே இல்ல."