போதகர் வீட்டுக் கைகள்

சுகமளிக்கும் வரம் அப்போஸ்தலர்கள் காலத்தோடு முடிந்துவிட்டது என்று போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையில் அவர் மனைவி முதுகைத் தடவிக்கொடுத்த தையற்காரரின் இருமல், தையற்காரரை விட்டு இறங்கி, நடுவழியாக இருமிக்கொண்டே வெளியே போனது. கதவருகே நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். போதகர் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அவர் நன்றாகப் படித்தவர். புதன்கிழமை மாலைகளில் முன்னறையில் வகுப்பு எடுப்பார். எண்ணெய் பூசி ஜெபித்த முதல் சீஷர்கள், புனிதர்களின் கல்லறைத் தூசியைக் கரைத்துக் குடித்தவர்கள், ராஜா தொட்டால் கழுத்துக்கட்டி கரையும் என்று அரண்மனை வாசலில் காத்துக்கிடந்தவர்கள், கூடாரம் போட்டு ஒலிபெருக்கியில் பிசாசை அதட்டியவர்கள் என்று அத்தனை நூற்றாண்டுகளையும் ஒரே மூச்சில் கடந்து, முதல் நூற்றாண்டு நீங்கலாக எல்லாவற்றுக்கும் நரம்புக் கோளாறே காரணம் என்று முடிப்பார். அதே நேரத்தில் சமையலறை வாசலில் அவர் மனைவியைத் தேடி வந்த கூட்டம் நிற்கும். தச்சரை விட்டுப்போன நொண்டல் கொஞ்ச காலம் தெருவில் தனியாக நொண்டித் திரிந்தது. சைக்கிளில் போகிறவர்கள் மணியடித்துத் தாண்டிப் போனார்கள்.

"நான் முன்வாசல்ல சொல்றத நீ பின்வாசல்ல பொய்யாக்குற," என்றார் போதகர்.

சபையார் அம்மா என்று அழைக்கும் அவர் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "வலிக்குதுன்னு வர்றாங்க. கை வைக்கிறேன். அது கிளம்பிப் போகுது. போகாதேன்னா சொல்லச் சொல்றீங்க?"

இனி யார்மேலும் கை வைக்கக் கூடாது என்று போதகர் தடை போட்டார். அம்மாவும் சரியென்று கையைக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் விழுந்தார். அவர் கை அவருக்கே பலிக்கவில்லை. டாக்டர் மருந்தை மாற்றிப் பார்த்தார், பிறகு மாற்றுவதை நிறுத்திவிட்டுப் போதகரிடம் மிகவும் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். அந்த மரியாதையில்தான் போதகருக்கு நிலைமை புரிந்தது.

பார்க்க வந்த தையற்காரர், "நீங்க கை வைங்களேன் ஐயா," என்றார். அதற்கு வேத ஆதாரம் இல்லை என்று போதகர் விரிவாக விளக்கினார். தையற்காரர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, கட்டில் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

போதகர் கதவைச் சாத்தினார். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மனைவியின் நெற்றியில் கை வைத்தார். படித்த ஜெபம் ஒன்றும் வாயில் வரவில்லை. "போயிடு," என்றார். "இவ இல்லாம எனக்கு ஒரு டீ போட்டுக் குடிக்கக்கூடத் தெரியாது." முதல் பாதி காய்ச்சலுக்கு, மறுபாதி கர்த்தருக்கு. காய்ச்சல் வேர்த்து விறுவிறுத்து எழுந்து கதவருகே தயங்கி நின்றது. போதகரே போய்த் திறந்துவிட்டார்.

அம்மா கண் திறந்தார். "என்ன பண்ணீங்க?"

"சும்மா தொட்டுப் பார்த்தேன்."

"இன்னும் கொஞ்ச நேரம் சும்மா தொடுங்க."

அதற்கடுத்த புதன்கிழமை வகுப்பு நடக்கவில்லை. முன்வாசலில் ஒரு வரிசை, பின்வாசலில் ஒரு வரிசை. எந்த வரிசை சீக்கிரம் நகர்கிறது என்பதில்தான் சபையாருக்குள் சச்சரவு இருந்தது. அதன்பிறகு அந்தச் சபைக்கு மாற்றலாகி வருகிற போதகர்களிடம், வீடு எது, விடுமுறை எப்போது, கை வைக்கும் நேரம் என்ன என்பதையெல்லாம் கமிட்டியார் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.