உழுததையே உழுதோம்

என் தம்பி நல்லவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி அவனைத் திட்டப் போகிறேன். வண்டிப் பட்டறை வைத்திருக்கிறான். யாரோ கழித்துக் கட்டிய ஒரு சின்ன டிராக்டரை வாங்கி, அக்கு அக்காகக் கழற்றிச் சரிசெய்து, புதுப் பெயின்ட் அடித்து, எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கினான். அக்காவும் மாமாவும் இனிமேல் குனியவே வேண்டாமாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் என்பார்களே, அந்தக் கதைதான்.

வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு எலுமிச்சைத் தோட்டம். பெரிதொன்றுமில்லை. ஆனால் இரண்டு பேர் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக விடியலில் இறங்கினால் பொழுது சாயும்வரை வேலை இருக்கும். போன வருடம் எங்கள் மகள் காய்ச்சலில் செத்துப்போனாள். ஒரே மகள். அதற்குப் பிறகு நானும் என் வீட்டுக்காரரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரு வழக்கம் உண்டாக்கிக்கொண்டோம். அவர் கிணற்றடியிலிருந்து களை வெட்டிக்கொண்டு வருவார், நான் வேலியோரத்திலிருந்து. நடுவில் எங்கோ சந்திக்கும்போது இருட்டியிருக்கும். உள்ளே வந்து நாலு வாய் சாப்பிட்டுப் படுத்தால் அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். பகலில் அந்த வீட்டுக்குள், அவள் அறைக்கு எதிரே, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. எனக்கு அது போதும். அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

எனக்கு எதுவுமே தோன்றாது அப்போதெல்லாம். கோபம்கூடப் பாதி வழியில் நின்றுவிடும். என் முகத்தைப் பார்த்துவிட்டு, கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறாள் என்று வீட்டுக்காரரின் அத்தை சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

டிராக்டர் வந்து அந்தப் பகலைத் தின்றுவிட்டது. பின்னால் சுழலும் உழுகத்தி களையைப் பொடிப்பொடியாக நறுக்கி மண்ணோடு கலந்துவிட்டுப் போகும். நாங்கள் குனிந்து குனிந்து வாரக்கணக்கில் செய்வது ஒரே காலையில் முடிந்தது. காய்க் கூடைகளை டிரெய்லர் ஒரே நடையில் கொண்டுவந்து சேர்த்தது. சாணி உரம், விழுந்த கிளை, தண்ணீர்ப் பீப்பாய், எதற்கும் நாங்கள் வேண்டாம். முதல் நாள் நாங்கள் வீட்டுக்குள் வந்தபோது வெயில்கூட ஏறவில்லை. கூடத்தில் ஆளுக்கொரு மூலையாக நின்றோம். அவர் மோட்டார் ரூமைக் கூட்ட வேண்டும் என்று போய்விட்டார். நான் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

மறுநாள் நான் வண்டியை எடுத்தேன். உழுவதற்கு எதுவும் இல்லை. தெரிந்துதான் எடுத்தேன். உழுத வரிசையிலேயே திரும்ப ஓட்டினேன். இரைச்சலில் தலை காலியாகிவிடும், அது நன்றாக இருந்தது. மத்தியானம் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும்போது தோட்டத்தில் வண்டிச் சத்தம் கேட்கும். எதையோ இழுக்கிறார் போல என்று விட்டுவிடுவேன். கேட்டால் அவர் என்னைத் திருப்பிக் கேட்பாரே. தினமும் அதே கதை. காலையில் நான், மத்தியானம் அவர்.

எலுமிச்சைக்குச் சல்லிவேர் மேல்மண்ணிலேயே படரும், மரத்தடியில் கத்தியை விடக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்களுக்குத் தெரியாதா? முதலில் வேலியோரத்து மரங்கள் இலையைச் சுருட்டின. பிறகு கிணற்றடி. பிஞ்சு கொட்டத் தொடங்கியது. தண்ணீர் பற்றவில்லை என்றார் அவர். ஆமாம் என்றேன் நான்.

தம்பி எஞ்சின் ஆயில் மாற்ற வந்தான். தோட்டத்தைப் பார்த்ததும் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தான். எங்கள் அப்பாவும் எலுமிச்சை வைத்திருந்தவர்தான், அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரத்தடியில் கைவிட்டுக் கிளறினான். மண் மாவாக இருந்தது. அதில் துண்டு துண்டாக வேர்.

"எத்தன தடவ உழுதீங்க மாமா?"

அவர் ஒரு தடவைதான் என்றார். என்னைக் கேட்காமலே நானும் ஒரு தடவைதான் என்றேன். தம்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு திட்டவில்லை. திட்டியிருக்கலாம். உழுகத்தியைக் கழற்றித் தன் வேனில் ஏற்றிக்கொண்டான். புதுவேர் பிடிக்கும்வரை யாரும் மரத்தடியை மிதிக்கக்கூடக் கூடாது, பிழைத்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலைச் சாப்பாடு முடிந்தது. போவதற்கு இடமில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்தேன். அவர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். எங்களுக்கு நடுவே அவள் அறைக் கதவு. ரொம்ப நேரம் அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். காய்ப்பெல்லாம் உரிந்து, யாரோ ஆபீஸ்காரர் கை மாதிரி இருந்தது.

"நீ காலையில வண்டியில உக்காந்து அழுறேன்னு நெனச்சேன்" என்றார். "அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காதுல்ல. அதான் வேர் போகுதுன்னு தெரிஞ்சும் உன்ன நிறுத்தல."

எனக்கு நெஞ்சை என்னவோ செய்தது. ஒரு வருடத்தில் அதுதான் முதல் தடவை. இந்த மனிதர் எனக்காக மரங்களை விட்டுக்கொடுத்திருக்கிறார், அதுவும் நான் அழாத அழுகைக்காக.

"நான் அழலைங்க" என்றேன். "ஒரு நாள்கூட அழல. எனக்கு வரவே மாட்டேங்குது. நான் என்ன பொம்பளைன்னு எனக்கே பயமா இருக்கு."

அவர் தலையாட்டினார்.

"நான் அழலாம்னுதான் ஏறுனேன்" என்றார். "வண்டிதான் கத்துச்சு. நான் சும்மா உக்காந்திருந்தேன்."

அவர் எழுந்து போகவில்லை, நானும் போகவில்லை. வெயில் ஏறி இறங்கும்வரை அந்தக் கூடத்திலேயே இருந்தோம். அழுகை அன்றைக்கும் வரவில்லை.