பவளம் ரீச்சர் போன பிறகு

சேலை மடிப்பு நிற்கவில்லை. பிரபாலினி அதைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். தகனசாலையில் வேலை செய்யும் ஜெர்மன்காரி அம்மாவின் இடுப்பைத் தூக்கிப் பிடித்தபடி, அவசரமில்லை என்று மெல்லச் சொன்னாள். ஆனால் அவர்களுக்குக் குறித்துக் கொடுத்த நேரம், டெர்மின், பதினொரு மணி. அடுத்த குடும்பம் இப்போதே வாசலில் வந்து நின்றது.

அம்மா பவளத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. கணையத்தில் புற்றுநோய் என்று வைகாசியில் சொன்னார்கள். ஆவணி தாண்டவில்லை. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தைத் துப்புரவாக்குவதுதான் அவள் செய்துவந்த வேலை. பின்னேரம் பிள்ளைகள் போன பிறகு வகுப்பறைகளைக் கூட்டி, மேசைகளைத் துடைத்து, ஆசிரியர்கள் விட்டுப்போனதையெல்லாம் பலகையிலிருந்து அழித்துவிட்டு வருவாள்.

ஊரில் அம்மா ஒரு கணக்கு ரீச்சர் என்பது பிரபாலினிக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? நாலாம் வகுப்பில் அவளுக்குக் கணக்கு ஏறவில்லை. கொப்பியைக் கொண்டுபோய் அம்மாவின் மடியில் வைத்தால், அம்மா அதை மூடிக் கொடுத்துவிட்டுக் குசினிக்கு எழும்பிப் போவாள். "எனக்கெல்லாம் மறந்துபோச்சு பிள்ளை" என்பாள். அது பொய் என்று அந்த வயதிலேயே பிரபாலினிக்கு விளங்கியது. பல்கலைக்கழகம் போகக்கூடிய பிள்ளைகள் படிக்கும் ஜிம்னாசியத்துக்கு இவள் சரிவரமாட்டாள் என்று வகுப்பாசிரியை எழுதிக் கொடுத்தாள். இந்த நாட்டில் பத்து வயதுப் பிள்ளையை ஒரு பக்கம் திருப்பிவிட்டால் மற்றப் பக்கம் வருவது லேசில்லை. இப்போது அவள் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக இருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளிக்குப் படிப்பிக்க வரச்சொல்லி ஊர்ச்சங்கத்தார் வீடு தேடி வந்தபோதும் அம்மா முகம் கொடுக்கவில்லை.

மண்டபத்தில் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். அப்பா தியாகராசா முன்வரிசையில் இருந்தார். இருபது வருடம் உணவகக் குசினி இரைச்சலுக்குள் நின்று காது மந்தமாகிப் போனவர். சங்கத் தலைவர் சோதிலிங்கம் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"வன்னிப் பிள்ளையளின்ரை கல்விக் கண்ணைத் திறந்து வைச்சவா எங்கட பவளம் ரீச்சர். அவ படிப்பிச்ச பள்ளிக்கூடத்திலை, அவவின்ரை பேரிலை ஒரு மாடிக் கட்டடம் கட்டிக் குடுக்கிறதெண்டு சங்கம் முடிவெடுத்திருக்கு."

யாரோ கைதட்டத் தொடங்கி, இடம் எதுவென்று நினைவு வந்ததும் நிறுத்தினார்கள்.

"அங்கை கட்டடம் இருக்கு அண்ணை."

பின்னாலிருந்து வந்தது குரல். வேலைச் சட்டையோடு, நாற்பது கடந்த ஒருவன் சுவரோடு நின்றான்.

"கனடாக்காரர் கட்டினது ஒண்டு, சுவிஸ்காரர் கட்டினது ஒண்டு. கணக்குப் படிப்பிக்கத்தான் ஆளில்லை. அப்பவும் இல்லை, இப்பவும் இல்லை."

"தம்பி, இது அதுக்கான இடமில்லை" என்றார் சோதிலிங்கம்.

"ஓம்" என்று சொல்லிவிட்டு அவன் வெளியே போனான்.

அப்பாவுக்கு எதுவும் கேட்கவில்லை. என்ன என்று அவர் திரும்பிப் பார்த்தபோது ஐயர் மந்திரத்தைத் தொடங்கியிருந்தார். பிரபாலினி வாய்க்கரிசி போட்டாள். மூடியைப் பூட்டினார்கள். பெட்டி இரும்புக் கதவுக்குப் பின்னால் போனதும் சனம் தேநீர் அறைப் பக்கம் நகர்ந்தது. அவள் வெளியே வந்தாள்.

அவன் படலையடியில், தூறலில் நனைந்தபடி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அணைத்தான்.

"ரீச்சரின்ரை மகளோ? நான் கொட்வின். செத்தவீட்டிலை அப்பிடிக் கதைச்சிருக்கக் கூடாது தங்கச்சி. குறை நினைக்காதேங்கோ."

"நீங்கள் அம்மாட்டைப் படிச்சனீங்களோ அண்ணை?"

"ஓம்."

"அம்மா நல்லாப் படிப்பிப்பாவோ?"

அவன் அவளை விநோதமாகப் பார்த்தான்.

"அவவின்ரை வகுப்பெண்டா, மாடு சாய்க்கப் போன பெடியளும் ஓடி வருவாங்கள். மரத்துக்குக் கீழைதான் வகுப்பு. எனக்குக் கணக்கு வருமெண்டு முதன்முதல் சொன்னது அவதான்."

சொன்னதும் அவன் முகம் இறுகியது.

"ஓ.எல். எண்ட பெரிய சோதினை கிட்டவா வந்திட்டுது. ஒரு வெள்ளிக்கிழமை, திங்கக்கிழமை கவராயம் கொண்டு வாங்கோ, வட்டம் படிப்பம் எண்டு சொல்லிட்டுப் போனவா. கவராயம் வாங்க வழியில்லாதவன் ஈர்க்கிலை முள்ளைக் கட்டிக்கொண்டு வந்து குந்தியிருந்தான். அவ வரேல்லை. வெளிநாட்டு மாப்பிள்ளையாம், வன்னியை விட்டு வெளிக்கிட இயக்கத்தின்ரை பாஸ் கிடைச்சு வவுனியாவுக்குப் போட்டாவாம் எண்டு பிறகு அதிபர் சொன்னார்."

"வேறை ஆளை அனுப்பேல்லையோ?"

"ஆர் வருவினம் அந்தக் காட்டுக்கு? உங்கட அம்மா வருசக்கணக்காச் சம்பளமில்லாமல் தொண்டராசிரியையா நிண்டவா. நிரந்தர நியமனம் வரேக்க அது ரவுணிலை இருந்த ஒருத்திக்குப் போச்சுது. அந்த ரவுண்காரி வந்து கையெழுத்து வைச்சிட்டு மாற்றம் எடுத்துக்கொண்டு போட்டா. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிஞ்சும் கோவம் போகேல்லை."

"சோதினை எழுதினனீங்களோ?"

"எழுதினம். எங்கட வகுப்பிலை ஒருத்தருக்கும் கணக்குப் பாஸ் இல்லை. கணக்கில்லாட்டி மேலை படிக்க ஏலாது. பள்ளிக்கூடம் அதோடை முடிஞ்சுது. முடிஞ்ச பெடியள் எங்கை போவாங்கள்? இயக்கத்துக்குப் போனாங்கள். ஈர்க்கோடை இருந்தானே, அவனும்தான். இப்ப ஆள் இல்லை."

அவன் அணைத்த சிகரெட்டைப் பக்கத்துக் குப்பைத்தொட்டியில் போட்டான்.

"போன வருசம் தமிழ்க்கடையிலை ரீச்சரைக் கண்டனான்" என்றான். "என்னை உடனை ஆரெண்டு மட்டுக்கட்டிட்டா. சுகமோ எண்டுகூடக் கேக்கேல்லை. கணக்குக்கு என்ன ரிசல்ட் எண்டு கேட்டா. எஃப் எண்டன். கூடையை அப்பிடியே நிலத்திலை வைச்சிட்டு வெளியாலை போட்டா."

அந்த நாள் பிரபாலினிக்கு நினைவிருந்தது. அம்மா வெறுங்கையோடு வந்து, கடை பூட்டு என்றாள். அன்றைக்கு அவள் சமைக்கவுமில்லை, சாப்பிடவுமில்லை. தலையிடியாக்கும் என்று அப்பா பீட்சா வாங்கி வந்தார்.

எனக்கும் அம்மா கணக்குச் சொல்லித் தரவில்லை அண்ணை என்று சொல்ல வாயெடுத்தாள். ஈர்க்கில் முள் கட்டி வந்த பெடியனை நினைத்ததும் வேறொன்றைக் கேட்டாள்.

"இண்டைக்கு ஏன் வந்தனீங்கள்?"

கொட்வின் யோசித்தான்.

"தெரியேல்லை."

"உள்ளை வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

"இல்லைத் தங்கச்சி. பார்சல் கம்பெனியிலை பின்னேர வேலை. பஸ் வந்திடும்."

செத்தவீட்டில் போய்வருகிறேன் என்று சொல்வதில்லை. அவனும் சொல்லாமல் தெருவைக் கடந்தான்.

தேநீர் அறையில் அப்பா யன்னலோரம் நின்றார்.

"வெளியிலை ஆரோடை கதைச்சனி பிள்ளை?"

"அம்மாட்டைப் படிச்ச ஆள் அப்பா" என்று அவர் காதருகே குனிந்து சொன்னாள்.

கிழமைக்கணக்காக வாடிக் கிடந்த முகம் சட்டென்று விரிந்தது. "எவ்வளவு காலத்துக்குப் பிறகு! மறக்காமல் தேடி வந்திருக்கிறானே!"

"ஓம் அப்பா. மறக்கேல்லை."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோட்டை இழுத்துச் சரிசெய்து, சனத்துக்குள் போனார். பவளத்திடம் படித்த பெடியன் ஒருவன் வந்திருக்கிறான் என்று ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னார். காது கேளாதவர் என்பதால் சத்தமாகவே சொன்னார். சோதிலிங்கத்திடமும் சொன்னார். சோதிலிங்கம் கையிலிருந்த தேநீரைப் பார்த்தபடி தலையாட்டினார்.

யன்னலுக்கு அப்பால், தெருவின் மறுபக்கத்தில் பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. கொட்வின் தகனசாலையைப் பார்த்தபடியே நின்றான், ஏறவில்லை. ஓட்டுநர் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்திருந்துவிட்டுக் கதவை மூடினார்.