பத்தொன்பதாம் எண்ணின் வீடு

முதல் மணி அடிக்கக் கால் மணி நேரம் இருக்கும்போதே கணக்கு வாத்தியார் இரும்பு அலமாரியைத் திறந்துவிடுவார். மூன்று தட்டுகளில் இருபத்தைந்து மடிக்கணினிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் எண். காலைப் பிரிவுக்கும் மதியப் பிரிவுக்கும் இவைதான். பத்தாம் எண் காலையில் ஒரு பிள்ளையின் மடியில் இருக்கும், மதியம் வேறொரு பிள்ளையின் மடியில். பிள்ளைகளின் பெயர் எதிலும் கிடையாது. எழுதுவதெல்லாம் அந்தந்த எண்ணின் கோப்புறைக்குள் போய்ச் சேரும். பாடவேளை முடிந்ததும் அவரே ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, அடுக்கிப் பூட்டுவார். சாவி ஒன்றே ஒன்று. அது அவர் இடுப்பில். பிள்ளைகள் அவருக்குப் பூட்டு சார் என்று பெயர் வைத்திருந்தது அவருக்கும் தெரியும். அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

கம்ப்யூட்டர் டீச்சர் வயதில் சின்னவள். வாய் மட்டும் பெரிது.

"சாவியைத் தலையணைக்கு அடியில வச்சுத்தான் தூங்குவீங்களாமே சார்?"

"தலையணைய நம்ப மாட்டேன்மா."

அன்று அவள் சிரிக்கவில்லை. "பத்தொன்பதை யாருக்கு சார் குடுத்தீங்க?"

"யாருக்கும் இல்ல. அதுல பாதி கீ அழுந்தாது. சும்மாதான் கிடக்கு."

"அப்ப இதை எழுதுனது யாரு? எல்லாரையும் விட நல்லா இருக்கே!"

பெற்றோர் தினத்துக்காக எல்லாப் பிள்ளைகளும் 'எங்கள் வீடு' எழுதிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பதின் கோப்புறையிலும் 'எங்கள் வீடு' இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். எங்கள் வீட்டில் மாடிப்படி பதினொன்று. ஏழாவது படி மட்டும் முனகும். அதைத் தாண்டி ஏற எனக்கும் அண்ணனுக்கும்தான் தெரியும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பிறந்து வளர்ந்த அந்த வீட்டை விற்று, வாங்கியவர்கள் இடித்து, அந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன.

"யாரோ விளையாடியிருக்கான்" என்று சொல்லி, அவள் பார்க்கும்போதே அழித்தார்.

ஒரு குடும்பத்தின் பெயரை நிமிர்த்தி நிறுத்த மூன்று தலைமுறை வேண்டும், சாய்க்க ஒரு வாய் போதும் என்பது அவருடைய அப்பாவின் வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் தங்கை என்றொருத்தி பிறந்ததையே வீட்டில் மறந்தார்கள். தனக்குப் பிடித்தவனோடு போனவள் அவள். அவள் பெயரை யாரும் சொல்லக் கூடாது என்றார் அப்பா, யாரும் சொல்லவில்லை. போன மாதம் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்தபோதுகூட, "நாங்க அண்ணன் தம்பி ரெண்டே பேர்தான்" என்று கணக்கு வாத்தியார் கூசாமல் சொன்னார். பிள்ளை வீட்டார் அந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் தலையாட்டினார்கள். அந்தச் சம்பந்திதான் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர்.

மறுநாள் காலை அலமாரியைத் திறந்ததும் முதலில் பத்தொன்பதைத்தான் எடுத்தார். அழித்தது முழுக்க இருந்தது. கூடவே புதிதாக இரண்டு வரி. சாப்பாட்டு நேரத்தில் அம்மா ஐந்து தட்டு எடுப்பாள். பிறகு ஒன்றைத் திரும்ப அடுக்கில் வைப்பாள்.

அம்மா அப்படிச் செய்தது உண்மை, சாகும்வரை செய்தாள். ஆனால் அது தங்கை போன பிறகு நடந்தது. போனவளுக்கு எப்படித் தெரியும்?

மறுபடி அழித்தார். அதற்கடுத்த நாளும் அழித்தார். பிறகு பத்தொன்பதின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, துணியில் சுற்றி, அடித்தட்டில் கவிழ்த்து வைத்துப் பூட்டினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

பெற்றோர் தினத்தன்று வகுப்பறை ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நல்ல வெயில். சம்பந்தி முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். காலைப் பிரிவின் இருபத்துநான்கு பிள்ளைகளும் எண் வரிசையில் நின்று, தாங்கள் எழுதியதிலிருந்து ஆளுக்கு ஒரு வரி படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

முதல் பெண் மடிக்கணினியைத் திறந்தாள். "எங்கள் வீட்டில் மாடிப்படி பதினொன்று."

இரண்டாவது பையன், "ஏழாவது படி மட்டும் முனகும்."

கம்ப்யூட்டர் டீச்சர் அவர் பக்கத்தில் வந்து முணுமுணுத்தாள். "சார், இது இவங்க எழுதினதில்ல. நேத்து நானே எல்லாத்தையும் பார்த்தேன்."

நிறுத்தச் சொல்லலாம். ஏன் என்று சம்பந்தி கேட்டால்? பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, தயக்கமே இல்லாமல் படித்துக்கொண்டே போனார்கள். வீடு ஒவ்வொரு வரியாக எழும்பியது. அப்பாவின் குடை, கொடியில் காயும் பாவாடை, அம்மாவின் ஐந்து தட்டு. பதினெட்டுக்குப் பிறகு இருபது படித்தது. நடுவில் ஒன்று விடுபட்டதாகவே தெரியவில்லை.

"பிரமாதம்!" என்றார் சம்பந்தி. "ஒரே கதையப் பிரிச்சுக் குடுத்து எழுத வச்சிருக்கீங்க. யாரோட யோசனை இது?"

இருபத்தொன்று: "மழையில் வாசலில் வந்து நின்றேன். இடுப்பில் குழந்தை."

இருபத்திரண்டு: "அண்ணன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான். என் கண்ணையே பார்த்தான்."

இருபத்துமூன்று: "வாசல்ல யாருடா என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்."

இருபத்துநான்கு: "அதற்கு அண்ணன் சொன்னான்."

இருபத்தைந்தாம் எண்ணை வைத்திருந்த சின்னப் பெண் திரையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். "சார், எனக்கு ஒண்ணுமே வரல. ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னுது."

"அட, நல்ல இடத்துல நிறுத்திட்டாங்களே" என்று சம்பந்தி சிரித்தார். "நீங்களே சொல்லுங்க சார். அண்ணன்காரன் என்னதான் சொன்னான்?"

யாரோ வழி கேக்குறாங்கப்பா. அந்த மழை நாளில் அப்பாவிடம் அவர் அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டார். அது பொய் என்பது அவரையும் மழையையும் தவிர யாருக்கும் தெரியாது. தம்பிக்குக்கூடத் தெரியாது.

"சார், நீங்க அடிக்கிறீங்களா?" என்று அந்தப் பெண் மடிக்கணினியை அவர் பக்கம் நீட்டினாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளுக்கான பெஞ்சில் முழங்கால் மடங்க உட்கார்ந்தார். விசைகள் ஈரமாக இருந்தன. நிமிர்ந்து பார்த்தார். பிள்ளைகள் தங்கள் திரைகளை அவர் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தார்கள். எல்லாத் திரையும் வெறுமையாகிவிட்டிருந்தது. எல்லாவற்றிலும் அந்த ஒற்றைக் கோடு தோன்றி மறைந்தது, தோன்றி மறைந்தது, ஒரே நேரத்தில், நெடுநேரம் நடந்து வந்தவள் மூச்சு வாங்குவதுபோல.