இடது கண்ணில் முதல் கோடு

தஸ்லிமாவின் இடது கண் காலையிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது. ராத்திரி சரியாகத் தூங்காததுதான் என்று தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

வண்ணார்பேட்டை வீட்டு மாடியில் கண் மை செய்து விற்பவள் அவள். பாதாம் பருப்பைச் சுட்டெடுத்த கரியை, ஊறவைத்து வடிகட்டிய கருவேலம் பிசினில் குழைப்பாள். பிசின்தான் மையைப் பிடித்து நிறுத்தும். புதிதாகக் குழைத்தால் முதல் கோடு அவளுடைய இடது கண்ணில்தான். மறுநாள் வரை உறுத்தாமல் இருந்தால்தான் அடுத்தவர் கண்ணுக்குப் போகும்.

இந்தத் தடவை மறுநாள் வரை பொறுக்கவில்லை. நேற்று குழைத்ததை நேற்றே கொடுத்துவிட்டாள். இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, சாச்சி மகளான தங்கை அஸ்மினாவுக்கு நிக்காஹ். மேலப்பாளையமே திரளும் கல்யாணம். மணப்பெண்ணின் கண்ணைப் பார்த்து நாலு பேர் விசாரித்தால் போதும், அவள் மை ஊரெல்லாம் பேர் வாங்கிவிடும்.

போன் அடித்தது. சந்தனமாரி. மாஞ்சோலையில் தேயிலை பறித்தவள். எஸ்டேட்டை விட்டு இறங்கியபின், அம்பாசமுத்திரம் வயல்வெளிகளில் பிசின் பொறுக்கி விற்கிறாள்.

“தங்கச்சி, போன வாரம் குடுத்த பிசினத் தொட்டுட்டியா?”

“மையே பண்ணியாச்சு. ஏன்க்கா?”

“அந்த மரம் பட்டுப்போச்சு தாயீ! இன்னைக்குப் போனா இலையெல்லாம் கருகிக் கெடக்கு. அடிமரத்துல ஓட்டை போட்டு மண்ணு வச்சு அடைச்சிருக்கு. நோண்டுனா களைக்கொல்லி வாடை. எஸ்டேட்டுல மோந்து மோந்து சலிச்ச வாடைல்லா!”

“யாரு பண்ணுன வேலை?”

“வயக்காரரு பூதலிங்கம்தான். பயிர்ல நெழலு விழுதாம். வாய்க்கா கரை மரத்த வெட்டுனா கேள்வி வரும், தானா பட்டுப்போனா யாரு கேப்பான்னு சிரிக்காரு. நான் ஒரு கிறுக்கி... மத்த மரத்துல சொட்டுச் சொட்டா வடியும், இதுல மட்டும் கொத்துக் கொத்தா தொங்குச்சு. சாமி குடுத்ததுன்னு அள்ளிட்டு வந்துட்டேன்.”

தஸ்லிமா கண்ணாடியைப் பார்த்தாள். இடது கண் செக்கச்செவேலென்று இருந்தது.

மணப்பெண்ணுக்கு மேக்கப் போடும் ரீபாவுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. சாச்சிக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

ஸ்கூட்டரைக் கிளப்பினாள். கண்ணில் நீர் கொட்டியது. கொக்கிரகுளம் திருப்பத்தில் ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது. “ஏளா, ரோட்டப் பாத்து ஓட்டு!” என்று டிரைவர் கத்தினான். ரோடு பாதிதான் தெரிந்தது.

போகிற வழியிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டாள். நிறம் எடுப்பாக இல்லை, வேறு மை தருகிறேன் என்று டப்பாவைப் பிடுங்கிக்கொண்டால் போதும். யாருக்கும் எதுவும் தெரியாது.

மணப்பெண் அறையில் கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றது. அஸ்மினாவின் வலது கண்ணுக்கு மை ஏறியாகிவிட்டது. ரீபா பிரஷ்ஷை மறுபடி முக்கிக்கொண்டிருந்தாள்.

“லாத்தா, லேசா எரியுது. புதுப்பொண்ணு சிணுங்கலுன்னு ரீபாக்கா கேலி பண்ணுதாங்க” என்று சிரித்தாள் அஸ்மினா.

“என்னட்டி இப்பிடி மூச்சு வாங்குத?” என்றாள் சாச்சி மஹ்மூதா பீவி.

“சாச்சி, அந்த மை வேண்டாம். கலரு...”

“கலருக்கு என்ன கொறச்சல்? அம்சமா இருக்கு” என்ற ரீபாவின் பிரஷ் இடது இமையை நோக்கி இறங்கியது.

தஸ்லிமா ரீபாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“போடாதீங்க, அதுல வெசம் இருக்கு!”

மாப்பிள்ளையின் அக்கா எழுந்து நின்றாள். “நிக்காஹ் நேரத்துல என்ன பேச்சுட்டி பேசுத?” என்று பாய்ந்தாள் சாச்சி.

தஸ்லிமா முக்காட்டை விலக்கித் தன் கண்ணைக் காட்டினாள். “களைக்கொல்லி ஊத்துன மரத்துப் பிசினு. தெரியாமப் பண்ணிட்டேன். ஒருநாள் பொறுக்காமக் குடுத்தது என் தப்பு.”

ரீபாதான் முதலில் அசைந்தாள். மணப்பெண்ணைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரை அடித்து ஊற்றினாள். மேக்கப்பெல்லாம் கறுத்து வழிந்தது.

“ஓதி வைக்க ஹஜ்ரத்து வந்தாச்சு. நிக்காஹ் முடியட்டும், ஆஸ்பத்திரிய பெறவு பாப்போம்” என்றாள் மாப்பிள்ளையின் அக்கா.

மஹ்மூதா பீவி மகளின் சிவந்த கண்ணைப் பார்த்தாள். “எம்மவ சம்மதம் சொல்லியாச்சு. அவ சார்பா நின்னு நிக்காஹ் நடத்த அவ வாப்பா போதும். கண்ணுக்கு அவதான் போவணும்” என்றாள். தஸ்லிமாவின் முகத்தை மட்டும் அவள் பார்க்கவில்லை.

கண் ஆஸ்பத்திரியில் அஸ்மினாவைப் பார்த்த டாக்டர், சீக்கிரம் கழுவியது நல்லதாகப் போயிற்று, மருந்து விட்டால் தெளிந்துவிடும் என்றார். தஸ்லிமாவின் மடியில் போன் நடுங்கியது. சந்தனமாரி. எடுக்கவில்லை.

“நீங்க எப்போ போட்டீங்க?” என்று டாக்டர் இவள் பக்கம் திரும்பினார்.

“நேத்து மத்தியானம்.”

வலது கண்ணைக் கையால் மூடச் சொன்னார். “எதிர்ல உள்ள எழுத்தைப் படிங்க.”

வெள்ளைப் பலகை தெரிந்தது. அதில் கறுப்பாக ஏதோ நெளிந்துகொண்டிருந்தது. வாசலில் அஸ்மினாவும் சாச்சியும் அவளையே பார்த்தபடி நின்றார்கள்.

“கொஞ்சம் பொறுத்துப் படிக்கேன் டாக்டர்” என்றாள் தஸ்லிமா.