பன்றிக்கு ஆகாத துப்பாக்கி

சுந்தர்சிங்குக்குச் சின்னத் துப்பாக்கிதான் பிடித்திருந்தது. பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை மாதிரி ஒரு வாரமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

அறுபத்தாறாம் வருஷம். பூமிக்கடியில் கனிமம் தேடும் கம்பெனி ஒன்றில் அவனுக்கு வேலை. மனைவி ஜெயசீலியோடு மத்தியப் பிரதேசத்து பஸ்தர் காட்டுக்குப் போய் முகாம் போட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. அங்கே ஆறு பெருகிவிட்டால் மாதக்கணக்கில் அரிசி வண்டி வராது, கையில் துப்பாக்கி இல்லாதவன் பட்டினிதான் கிடக்கவேண்டும் என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். ஜெயசீலியின் சித்தப்பா லாசரஸ், ரயில்வேயில் கார்டாக இருந்தவர், தன்னுடைய சின்னத் தோட்டா போடும் பாயிண்ட் டூ டூ ரைஃபிளைக் கொடுத்து, "மொதல்ல இதைச் சுட்டுப் பாரு, அப்புறம் எதை வாங்குறதுன்னு யோசி" என்றார்.

"ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய தோட்டா போட்டுக்கலாம் ஜெயா, ஒரு மழைக்காலம் முழுக்கப் போதும்" என்பான் சுந்தர்சிங். "பெரிய துப்பாக்கின்னா தோட்டாவைச் சுமக்கவே ஒரு ஆள் வேணும். ஒரு தடவை வெடிச்சா காடே காலியாயிடும். இது சுள்ளி ஒடியற சத்தம்தான்."

ஜெயசீலி தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பல்லாவரம் கல்குவாரியில் இரண்டு பேரும் டப்பாக்களை வைத்துச் சுட்டுப் பழகினார்கள். அவன் துப்பாக்கியைத் தூக்கிய வேகத்தில் சுடுவான். தவறினால் காற்றின் மேல் பழி போடுவான். அவள், நரம்பு தேடி ஊசி போடுகிறவள் போல, மூச்சை நிறுத்தி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சுடுவாள். டப்பா விழும்.

டப்பா போதாது, உயிருள்ளதைச் சுட்டுப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது. கோவிலம்பாக்கத்து தசரதன் நினைவுக்கு வந்தான். நிலமும் கிணறும் உள்ள ஆள். போன வருஷம் அவன் கொல்லையில் கிணறு வெட்ட இடம் பார்த்துச் சொன்னது சுந்தர்சிங்தான். அந்தக் கொல்லைக்குப் பின்னால் நன்மங்கலம் காடு தொடங்கிவிடும். ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

தசரதன் ரைஃபிளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிப்பை அடக்க அவன் முயலவே இல்லை.

"இன்னா சார் இது, காக்கா ஓட்டறதா? நம்ம கொல்லையப் பாரு. மல்லாக்கொட்ட பூராத்தையும் பன்னி நோண்டிப் போட்டுகீது. அதுக்கு இதான் வோணும்." தன் தோளிலிருந்த இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தட்டிக் காட்டினான்.

"பன்னி உங்களுக்கு. எனக்கு முயலும் கவுதாரியும் போதும்" என்றான் சுந்தர்சிங்.

"பன்னி வந்தா நீங்க சுடக்கூடாது" என்றாள் ஜெயசீலி. "சாகாது. வலியில வெறி புடிச்சுடும்."

"சரி சரி."

தசரதனின் தம்பி சம்பந்தம் தகர டின்னைத் தட்டி விலங்குகளைக் கிளப்ப முட்புதருக்குள் இறங்கினான். இருபத்தைந்து வயது, நல்ல உயரம், பாடிக்கொண்டே போனான். புதர் மேற்கே திறக்கிற இடத்தில் தசரதன் நின்றான். கிழக்கே, ஏரிக்கரை மேல், சுந்தர்சிங்கும் ஜெயசீலியும்.

முதலில் ஒரு முயல் வந்தது. சுந்தர்சிங் சுட்டான், தவறியது. அவன் முகம் சிவந்தது. டின் சத்தம் நெருங்கியது. அப்போதுதான் அது வெளியே வந்தது. மேற்கே போகவேண்டிய பன்றி கிழக்கே வந்து, கரைக்குக் கீழே, முழு உடம்பையும் காட்டிக்கொண்டு நின்றது. கருத்த ஆண் பன்றி. பிடரி மயிர் சிலிர்த்திருந்தது, கோரைப்பல் உதட்டுக்கு மேல் வளைந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"வேணாங்க" என்றாள் ஜெயசீலி.

அவள் சொல்லி முடிப்பதற்குள் சுள்ளி ஒடிந்தது.

பன்றியின் விலாவில் புழுதி பறந்தது. அது ஒருமுறை உதறிக்கொண்டு, வந்த வழியே புதருக்குள் பாய்ந்தது. டின் சத்தம் வந்துகொண்டிருந்த திசையில்.

"சம்பந்தம்! மரத்து மேல ஏறு!" ஜெயசீலி கத்தினாள். பாட்டு நின்றது. பிறகு கேட்டது மனிதக் குரல் போலவே இல்லை.

முள் கிழிக்க, புடவை சிக்க, அவள் ஓடினாள். புதருக்கு நடுவே ஒரு வெட்டவெளி. சம்பந்தம் மல்லாந்து கிடந்தான். பன்றி அவன் தொடைக்குள் முகத்தைப் புதைத்து, தலையை மேல்நோக்கி வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அவன் உடம்பு தரையிலிருந்து எழும்பி விழுந்தது. ரத்தம் மண்ணில் பாயவில்லை, பீச்சியது.

தசரதன் மறுபக்கத்திலிருந்து ஓடிவந்து துப்பாக்கியைத் தூக்கினான், தூக்கியபடியே நின்றான். அவன் போட்டிருந்தது பல குண்டுகள் அடைத்த எல்.ஜி. தோட்டா. சுட்டால் குண்டுகள் விரிந்து பன்றியோடு தம்பியையும் துளைக்கும். "தம்பீ... தம்பீ..." என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை வரவில்லை.

அடுத்த தோட்டாவை ஏற்றும் போல்ட்டை இழுக்கக்கூடச் சுந்தர்சிங்கால் முடியவில்லை. ஜெயசீலி அவன் கையிலிருந்து ரைஃபிளைப் பிடுங்கினாள். போல்ட்டை இழுத்துத் தள்ளிக்கொண்டே முன்னால் போனாள். பன்றியின் நெற்றிக்கு நேராகச் சுட்டாள். எலும்பில் பட்டு வழுக்கித் தோலைக் கிழித்துக்கொண்டு போனது தோட்டா. பன்றி நிமிர்ந்தது. சின்னச் சிவந்த கண்கள். கோரைப்பல்லில் சதை தொங்கியது. அது சம்பந்தத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்து வந்தது.

அவள் ஓடவில்லை. ஓடத் தோன்றவில்லை என்பதுதான் சரி. மறுபடி போல்ட்டை இழுத்தாள், விலகினாள். அது முழங்காலை உரசிக் கிழித்துக்கொண்டு போய்த் திரும்பும்போது காது தெரிந்தது. காதுக்குப் பின்னால் குழலை வைக்காத குறையாக நீட்டி விசையை அழுத்தினாள். பன்றி நடந்துகொண்டிருந்தபடியே முன்னங்கால் மடங்கி, அவள் பாதத்தின் மேல் சரிந்தது. சுடச்சுட ரத்தம் விரல்களுக்கிடையே ஓடியது.

பாதத்தை இழுத்துக்கொண்டு சம்பந்தத்தின் பக்கத்தில் மண்டியிட்டாள். தொடை இடுக்கில் முஷ்டியை வைத்து உடல் பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டாள். பீச்சியது கசிந்தது.

பின்னால் ஏதோ முறிகிற சத்தம். தசரதன் துப்பாக்கிக் கட்டையால் சுந்தர்சிங்கின் முகத்தில் அடித்திருந்தான். விழுந்தவனை மறுபடியும் அடித்தான். பற்கள் மண்ணில் கிடந்தன. பிறகு குழலைத் திருப்பி அவன் மார்பில் வைத்தான்.

"யார்றா உன்ன சுடச் சொன்னது? பாவி! யார்றா சொன்னது?"

சுந்தர்சிங் கையைக்கூடத் தூக்கவில்லை. ரத்தவாயோடு அவனையே பார்த்தபடி கிடந்தான்.

ஜெயசீலியால் எழுந்திருக்க முடியாது. எழுந்தால் ரத்தம் பீச்சும். ரைஃபிள் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதில் இன்னும் தோட்டாக்கள் இருந்தன. அவள் அதைப் பார்த்தாள். எடுக்க ஒரு கை போதும், சுட இன்னொரு கையும் வேண்டும், அந்தக் கை சம்பந்தத்திடமிருந்து போகவேண்டும்.

"தசரதன்!" என்று அதட்டினாள். வார்டில் அதட்டுகிற குரல். "அவரைக் கொல்லணும்னா அப்புறம் கொல்லு. உன் தம்பிக்கு இன்னும் உயிர் இருக்கு. வேட்டியைக் கிழி. கயித்துக் கட்டில் எடுத்துக்கினு வா. ஓடு!"

குழல் மார்பிலேயே இருந்தது. பிறகு தசரதன் துப்பாக்கியைத் தூரமாக வீசிவிட்டு, அழுதுகொண்டே ஓடினான்.

கட்டிலில் போட்டு மேடவாக்கம் சாலைக்குத் தூக்கிப் போனார்கள். முன்பக்கம் தசரதன், பின்பக்கம், உடைந்த தாடையோடு, சுந்தர்சிங். ஜெயசீலி முஷ்டியை எடுக்காமல் பக்கத்திலேயே குனிந்து நடந்தாள். ஜல்லி ஏற்றிவந்த லாரி ஒன்று நின்றது. ஜல்லியின் மேல் கட்டிலை வைத்துத் தாம்பரம் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் அவள் விரல்களை டாக்டர்தான் பிரித்தெடுத்தார். அவை விறைத்துப் போயிருந்தன.

சம்பந்தம் பிழைத்தான். கால் போய்விட்டது.

தாடை கூடிப் பேச முடிந்ததும் சுந்தர்சிங் வார்டுக்குப் போனான். சம்பந்தம் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான்.

"இன்னாத்துக்கு சார் சுட்ட?"

சொல்வதற்கு எத்தனையோ காரணங்களை யோசித்து வைத்திருந்தான் சுந்தர்சிங். "எதிர்ல நின்னுச்சு" என்பதுதான் வாயில் வந்தது.

"நின்னா?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான் சம்பந்தம்.

அன்று வீட்டுக்கு வந்ததும் சுந்தர்சிங், "இரட்டைக் குழலே வாங்கிடலாம் ஜெயா. அந்தச் சனியனை சித்தப்பாகிட்ட திருப்பிக் கொடுத்துடு" என்றான்.

ஜெயசீலி இன்னும் ஆறாத முழங்கால் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். "இரட்டைக் குழலை வெச்சுக்கினு தசரதன் என்ன பண்ணான்? நின்னு பார்த்தான். நாம சின்னதுதான் வாங்கப்போறோம்."

"என்னால அதைத் தொட முடியாது."

"நீங்க தொடவேணாம். லைசென்ஸை என் பேர்ல எடுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவமானமா, ஆறுதலா என்று அவள் அவன் முகத்தில் தேடவில்லை; பஞ்சைக் கிழித்துக் காயத்தில் ஒட்டினாள்.

செங்கல்பட்டு லைசென்ஸ் ஆபீஸில் குமாஸ்தா, "வீட்டுக்காரர் பேர்ல இல்லையாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுந்தர்சிங் எழுந்து வந்து, "அவங்க பேர்லதான்" என்றான்.

பஸ்தரில் ஆறு பெருகியது. அரிசி வண்டி வரவில்லை. ஜெயசீலி முயலும் காட்டுக்கோழியும் சுட்டுக்கொண்டு வந்தாள். அவன் இறகு பிடுங்கினான், சமைத்தான். ஒருமுறை ஓடையோரம் கரடி ஒன்று, அவர்களைப் பார்க்காமல், முழுப் பக்கத்தையும் காட்டிக்கொண்டு நின்றது. அவள் குழலைத் தரைக்குத் தாழ்த்தினாள். அது போகும்வரை சுந்தர்சிங் அவள் முந்தானையைப் பிடித்தபடி நின்றான். அவன் கையை அவள் உதறவில்லை.

அங்கே இருந்தவரைக்கும் துப்பாக்கியைக் கொடு என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை.