குகதாசனின் செத்தவீட்டுப் பாட்டு

அரியாலையில் குகதாசனின் ஒலிபெருக்கி அலறாமல் திருவிழாவும் இல்லை, பூப்பெய்திய பிள்ளைக்குச் சாமத்தியவீடும் இல்லை. நாற்பது வருடம் ஊருக்குப் பாட்டுப் போட்ட மனிதர் தனக்கென்று ஒன்றை இருந்து கேட்டதில்லை. யாராவது கேட்டால், எல்லாம் இரைச்சல்தானே என்பார். அப்படிப்பட்டவருக்கு அறுபத்திரண்டு வயதில் வந்ததே ஒரு பித்து!

ஊரில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் செத்துப்போனார். செத்தவீட்டில் மேளம் தொடங்க முன்னர், தான் விரும்பிக் கேட்ட இசையை ஒருதரம் போடவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனவர். லண்டனிலிருந்து வந்த மகள் தந்த பென்டிரைவைக் குகதாசன் ஏனோதானோ என்று செருகினார். ஒரேயொரு வாத்தியம். வயலினை விடப் பெரியது, செலோ என்று பிறகு அவள் சொன்னாள். முந்நூறு வருடத்துக்கு முந்திய ஐரோப்பிய இசை, பரோக் என்று பெயராம். அது தனக்குள்ளே ஏதோ கேட்டு, தானே பதில் சொல்லி, அந்தப் பதிலும் போதாமல் திரும்பக் கேட்டது. வயரைக் கையில் பிடித்தபடி நின்றவர் நின்றவர்தான். கடைசியில் வெட்கத்தை விட்டு அவளிடம் கேட்டு, முழுவதையும் தன் போனில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

அன்று பின்னேரமே விறாந்தையில் பெரிய ஒலிபெருக்கிப் பொக்ஸ் இரண்டையும் வைத்துப் போட்டார். மனைவி பாலேஸ்வரி அடுப்படியிலிருந்து ஓடிவந்து வயரைப் பிடுங்கினாள். ஊர் முழுக்கக் கேட்ட செத்தவீட்டுப் பாட்டைக் குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டில் போடுவதா? மகள் வினோஜாவுக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்கிற நேரம் வேறு. அவர் என்னென்னவோ விளக்கம் சொல்லிப் பார்த்தார். அவள் சொன்னது ஒன்றுதான்.

"பிள்ளையின்ரை கலியாணம் முடியட்டும்."

முடிய இரண்டு வருடம் ஆனது. அதுவரை அவர் சாமான் ஏற்றும் தன் வான் வண்டியைக் கடற்கரையில் நிறுத்தி, இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார். கலியாணச் சாப்பாட்டை ஒரு மூலையில் தனியே இருந்து தின்கிற மாதிரி இருந்தது. ஓரிடத்தில் அந்தச் செலோ அடித்தொண்டைக்கு இறங்கி, ஏறுமோ ஏறாதோ என்று நின்று, பிறகு மெல்ல ஏறும். "இஞ்சை பாரும், இந்த இடம்" என்று பக்கத்தில் திரும்புவார். பக்கத்து சீற்றில் வயர்ச்சுருள் கிடக்கும். அவருக்குப் பாலேஸ்வரி வேண்டும். முப்பத்தைந்து வருடமாக அவளோடு அரிசி விலையும் பிள்ளையின் படிப்பும் கதைத்தாரே ஒழிய, நல்லதொன்றைச் சேர்ந்திருந்து அனுபவித்ததில்லை. அந்த ஏக்கம் மனிதரை அரித்தது.

ஆவணியில் வினோஜாவுக்குக் கலியாணம் நடந்தது. ஐப்பசியில் அவள் பிரான்சுக்குப் போய்விட்டாள். குகதாசன் பாட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. மகள் போன வீட்டில் அதைக் கேட்க எந்தத் தகப்பனுக்கு மனம் வரும்? பாலேஸ்வரி ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மகளின் அறைக்குள் போய், மடித்த சட்டைகளைத் திரும்பவும் மடித்தாள். நாலாம் நாள் காலை, தேத்தண்ணிக் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்தாள்.

"அந்தப் பாட்டைப் போடுங்கோ. வீடும் செத்தவீடு மாதிரித்தானே கிடக்கு."

அவர் பொக்ஸ்களைத் தூக்கி வந்து போட்டார். அவள் நிலத்தில் குந்தியிருந்து கேட்டாள், கேட்டபடி அழுதாள். அவருடைய அந்த இடம் வந்தது. அவர் வாயெடுக்க முன்னரே அவள் கையை உயர்த்தி, கதைக்க வேண்டாம் என்று மறித்தாள்.

படலையடியில் பக்கத்து வீட்டு இளையதம்பி சாரத்தை இறுக்கியபடி ஓடிவந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரிக் கிடந்தது.

"என்ன தங்கச்சி, ஆருக்கு என்ன நடந்தது?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அண்ணை," என்றாள் பாலேஸ்வரி, கண்ணைத் துடைக்காமலே. "நாங்கள் ரெண்டுபேரும் பாட்டுக் கேக்கிறம்."